விமானியின் உறக்கத்துக்கு யார் கணக்கு வைப்பது?

பலாலியில் இறங்கும் ஒவ்வொரு விமானத்தின் பின்னாலும் ஒரு பணிநேரக் கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கை எழுதும் மென்பொருள் யாருக்காக வேலை செய்கிறது?

1947 டிசெம்பர் 10 அன்று எயார் சிலோன் தன் முதல் பறப்பை இரத்மலானையிலிருந்து தொடங்கியது. அந்த டகோட்டா விமானம் காங்கேசன்துறையில் இறங்கி, அங்கிருந்து சென்னைக்குப் போனது. இலங்கையின் முதல் தேசிய விமான சேவையே குடாநாட்டின் வழியாகத்தான் கடல் கடந்தது. யுத்தம் அந்தப் பாதையை நீண்ட காலம் மூடிவைத்தது. 2019 ஒக்டோபர் 17 அன்று பலாலி, யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டு, அலையன்ஸ் எயார் சென்னையிலிருந்து வந்து இறங்கியது. கொரோனாவால் நின்ற சேவை 2022 டிசெம்பர் 12 இல் மீண்டும் தொடங்கியது. 2024 செப்டெம்பர் 1 முதல் இண்டிகோ சென்னையிலிருந்தும், 2025 மார்ச் 30 முதல் திருச்சியிலிருந்தும் வரத் தொடங்கியது. இந்தச் சேவைகளைப் பற்றி நாம் நிறையவே பேசுகிறோம்: கட்டணம், பொதி எடை, விசா, ஓடுபாதையின் நீளம். முன்னால் உட்கார்ந்திருக்கும் விமானி கடைசியாக எப்போது உறங்கினார் என்பது மட்டும் நம் பேச்சில் வருவதில்லை. அதற்கு ஏறக்குறைய ஒரு விடை எங்கோ ஒரு கணினியில் பதிவாகியிருக்கிறது. அந்தப் பதிவை விமான நிறுவனம் மட்டுமே எழுதி, நிறுவனம் மட்டுமே திருத்தி, நிறுவனம் மட்டுமே பார்க்கும்வரை அது பாதுகாப்புப் பதிவு ஆகாது என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

டில்லியில் எழுதப்படும் விதி பலாலியில் இறங்கும் விமானத்துக்கு ஏன் பொருந்துகிறது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். விமானியின் பணி நேரத்தையும் ஓய்வையும் வரையறுப்பது, அந்த விமான நிறுவனம் எந்த நாட்டில் அனுமதி பெற்றதோ அந்த நாட்டின் பொறுப்பு. 2010 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் இலங்கை சிவில் விமான சேவை அதிகார சபை நம் நாட்டு நிறுவனங்களுக்கு விதி வகுக்கிறது. இந்திய நிறுவனங்களுக்கு அந்த வேலையைச் செய்வது டிஜிசிஏ எனப்படும் இந்திய விமானப் போக்குவரத்து இயக்குநரகம். ஆகவே சென்னையிலிருந்து வரும் விமானி எத்தனை மணி நேரம் உறங்கியிருக்க வேண்டும் என்பது டில்லிச் சுற்றறிக்கை ஒன்றில் தீர்மானமாகிறது. அந்தச் சுற்றறிக்கை கடந்த இரண்டு ஆண்டுகளில் பட்ட பாடு, பாக்கு நீரிணையின் இந்தப் பக்கம் இருக்கும் நமக்கும் பாடம்.

இரண்டு கடிகாரங்கள்

விமானியின் நாளில் இரண்டு கடிகாரங்கள் ஓடுகின்றன. விமானம் புறப்படுவதற்காக நகரத் தொடங்கும் கணத்திலிருந்து, இறங்கி ஓய்ந்து நிற்கும் கணம்வரை ஓடுவது பறப்பு நேரம். விமானி வேலைக்கு வந்து கையொப்பமிடும் நிமிடத்திலிருந்து ஓடுவது பணி நேரம். நீண்ட தூரப் பயணங்களில் இரண்டும் நெருங்கி நிற்கும். நம் பாதையில் அப்படி இல்லை. சென்னைக்கும் பலாலிக்கும் நேர்கோட்டில் சுமார் 350 கிலோமீற்றர். திருச்சிக்கும் பலாலிக்கும் 200 கிலோமீற்றர் கூட இல்லை. ஏ.ரி.ஆர். 72 போன்ற விசிறி விமானத்தில் இப்படியான குட்டிப் பறப்புகளை ஒரே நாளில் நான்கைந்து முறை செய்யும் விமானியின் பறப்பு நேரம் ஆறு மணித்தியாலத்தைத் தாண்டாமலே இருக்கலாம். ஆனால் ஆயத்தம், பயணிகள் ஏறி இறங்குதல், எரிபொருள், தாமதம் எல்லாம் சேர்ந்தால் பணி நேரம் பத்து மணித்தியாலத்தைத் தொட்டுவிடும். விமானியின் கவனத்தை அதிகம் உறிஞ்சுவது மேலே எழும்புவதும் கீழே இறங்குவதும்தான். நீண்ட தூர விமானி அதை ஒரு நாளில் ஒருமுறை செய்ய, குறுந்தூர விமானி நான்கு முறை செய்கிறார். இதனால்தான் ஐரோப்பிய விதி காலையில் பணி தொடங்கும் விமானிக்கு ஒன்று அல்லது இரண்டு பறப்புகள் என்றால் 13 மணித்தியாலம் வரை அனுமதித்து, மூன்றாவதிலிருந்து ஒவ்வொரு பறப்புக்கும் அரை மணித்தியாலம் குறைக்கிறது. இந்திய விதியும் இறக்கங்கள் கூடக்கூடப் பணி நேரத்தைச் சுருக்குகிறது.

இதற்கு மேல் நகரும் எல்லைகள் இருக்கின்றன. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் தொடர்ந்து வரும் எந்த 28 நாளை எடுத்தாலும் 100 மணித்தியாலத்துக்கு மேல் பறக்கக்கூடாது. பன்னிரண்டு மாதத்தில் 1,000 மணித்தியாலம் என்ற எல்லை பெரும்பாலான நாடுகளுக்குப் பொது. இந்தியாவில் ஏழு நாளுக்கு 35 மணித்தியாலம் என்ற எல்லையும் உண்டு. எந்த ஏழு நாள், எந்த 28 நாள் என்பது தினமும் மாறுகிறது. இன்றைய பறப்பு கணக்குக்குள் வரும்போது 28 நாளுக்கு முந்தைய பறப்பு வெளியே போகிறது. இடையில் ஒரு பறப்பு தாமதமானால் அன்றைய எல்லை, அடுத்த நாள் வேலைக்கு வரக்கூடிய நேரம், வாராந்த ஓய்வு தொடங்கும் நேரம் எல்லாமே நகர்கின்றன. விமானி தன் பறப்புகளை எழுதிவைக்கும், கறுப்பு அட்டை போட்ட காகித லொக்புக்கில் இதைக் கையால் கூட்டிப் பார்ப்பது நடைமுறைக்கு ஒவ்வாது. இன்றைய விமானங்கள் பல, நகர்ந்தது, எழுந்தது, தொட்டது, நின்றது என்ற நான்கு நேரங்களைத் தாமாகவே தரைக்கு அனுப்புகின்றன. மென்பொருள் அவற்றை உலகப் பொது நேரத்தில் எழுதி, ஒவ்வொரு எல்லைக்கும் இன்னும் எவ்வளவு மிச்சம் என்று காட்டுகிறது. லொக்டென், ஃபோர்ஃப்ளைட் போன்றவை விமானி தன் கையில் வைத்திருக்கும் லொக்புக்குகள். நிறுவனங்களிடம் இருப்பவை வேறு வகை: யார் எந்த நாளில் எந்த விமானத்தில் என்று ரொஸ்டர் போடும் பெரிய மென்பொருள்கள். இந்த இரண்டு வகைக்கும் உள்ள வேறுபாடு முக்கியமானது. அதற்கு மீண்டும் வருவோம்.

ஊதிப் பார்க்க முடியாத போதை

பணி நேரத்தை இத்தனை நுணுக்கமாக எண்ணுவதற்குக் காரணம், களைப்பை நேரடியாக அளக்கக் கருவி இல்லாததுதான். 2016 ஓகஸ்ட்டில் ஜேர்மனியின் பிராங்பேர்ட்டில் ஸ்ரீலங்கன் எயார்லைன்ஸ் விமானி ஒருவர் மூச்சுப் பரிசோதனையில் தோற்று, கொழும்புக்கான விமானம் 15 மணித்தியாலத்துக்கு மேல் தாமதமானது. மதுவைக் குழாயில் ஊதிக் கண்டுபிடித்தார்கள். உறக்கமின்மைக்கு அப்படி ஒரு குழாய் இல்லை. ஆனால் விளைவு ஒன்றேதான். 1997 இல் நேச்சர் ஆய்விதழில் வெளிவந்த அவுஸ்திரேலிய ஆய்வு ஒன்று, 17 மணித்தியாலம் தொடர்ந்து விழித்திருப்பவரின் செயல்திறன் இரத்தத்தில் 0.05 வீதம் மது உள்ளவரின் நிலைக்கு இறங்குகிறது என்று காட்டியது. 24 மணித்தியாலம் விழித்திருந்தால் அது ஏறக்குறைய 0.10 வீதத்துக்குச் சமம். மது அருந்தியவர் விமானம் ஓட்டுவதைக் குற்றம் என்று ஒப்புக்கொள்ளும் எவரும், விமானியின் விழிப்பு நேரத்தை எண்ணுவதை ஆடம்பரம் என்று சொல்ல முடியாது.

இந்த அறிவை நம் பக்கத்து நாடு மிகப் பெரிய விலை கொடுத்து வாங்கியது. 2010 மே 22 அதிகாலை, டுபாயிலிருந்து வந்த எயார் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் மங்களூரின் மேட்டு ஓடுபாதையைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்தது. 166 பேரில் 158 பேர் இறந்தார்கள். விமானி அறையின் ஒலிப்பதிவில் தலைமை விமானியின் குறட்டை பதிவாகியிருந்தது. அவர் ஒன்றரை மணித்தியாலத்துக்கும் மேல் உறங்கியிருந்தார் என்றும், விழித்த பிறகும் விலகாத உறக்க மயக்கம் அவருடைய தீர்மானத்தைக் கெடுத்தது என்றும் விசாரணை நீதிமன்றம் முடிவு செய்தது. இறங்கும் முயற்சியைக் கைவிட்டு மேலெழும்படி துணை விமானி சொன்னதை அவர் கேட்கவில்லை. அதிகாலை இரண்டு மணிக்கும் ஆறு மணிக்கும் இடையில் உடல் விழித்திருக்க மறுக்கிறது. கொழும்பிலிருந்து கண்டி வீதியால் வரும் இரவு பஸ்ஸில் விழித்திருப்பவருக்கு அந்த நேரம் தெரியும். சாரதியோடு பேச்சுக் கொடுக்க யாராவது முன் இருக்கைக்குப் போகும் நேரம் அது. விமானத்தில் அப்படிப் போய் உட்கார முடியாது. அங்கே பயணியின் இடத்தில் இருந்து எச்சரிப்பது விதியும் பதிவும்தான்.

விமானம் தானே ஓடும்போது விமானி கண்ணயர்ந்தால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. 2022 ஜூன் நடுப்பகுதியில் இலண்டனிலிருந்து கொழும்புக்கு வந்துகொண்டிருந்த ஸ்ரீலங்கன் விமானம் துருக்கிக்கு மேலே 33,000 அடியில் பறந்தது. 35,000 அடிக்கு ஏறும்படி தரைக் கட்டுப்பாட்டாளர் சொன்னார். அதே உயரத்தில், சுமார் 15 மைல் தொலைவில் வேறொரு விமானம் வருவதை விமானிகள் கவனித்துச் சுட்டிக்காட்டினார்கள். அப்படி எதுவும் இல்லை என்று முதலில் பதில் வந்தது. அவர்கள் ஏறவில்லை. பிறகு ஏற வேண்டாம் என்ற திருத்தம் வந்தது. அந்த விமானத்தில் இருந்த 275 பயணிகளைக் காத்தது ஓட்டோ பைலட் அல்ல. சொன்னதைச் செய்வதற்கு முன் திரையைப் பார்க்கும் அளவுக்கு விழித்திருந்த இரண்டு மூளைகள். களைத்த மனிதரிடமிருந்து முதலில் போவது இந்தச் சந்தேகப்படும் திறன்தான்.

ஒரே மென்பொருள், இரண்டு எசமானர்கள்

கணக்கு வேண்டும் என்பதில் இனி விவாதம் இல்லை என்று கொள்வோம். அடுத்தது, அந்தக் கணக்கு எதற்காகப் போடப்படுகிறது என்ற கேள்வி. ரொஸ்டர் மென்பொருளுக்கு நிறுவனம் கொடுக்கும் வேலை, மிகக் குறைந்த விமானிகளைக் கொண்டு மிகக் கூடிய பறப்புகளை ஓட்டுவதற்கான வழியைக் கண்டுபிடிப்பது. சட்டம் சொல்லும் எல்லைகள் அதற்குள் கட்டுப்பாடுகளாக இடப்படும். கட்டுப்பாட்டுக்குள் எவ்வளவு தூரம் போகலாமோ அவ்வளவு தூரம் அது போகும்; அதற்காகத்தான் அதை வாங்குகிறார்கள். சட்டம் எழுதியவர் 'இதற்கு மேல் ஆபத்து' என்று போட்ட கோடு, மென்பொருளுக்கு 'இதுவரை போகலாம்' என்ற இலக்காகிவிடுகிறது. விமானியின் லொக்புக்கில் அதே எண் காவலுக்கு நிற்கிறது. ரொஸ்டரில் அது செலவழிக்க வேண்டிய இருப்பு.

இது ஊகம் அல்ல என்பதற்கு 2025 டிசெம்பர் சாட்சி. டிஜிசிஏ 2024 ஜனவரியில் புதிய விதிகளை அறிவித்தது. வாராந்த ஓய்வு 36 மணித்தியாலத்திலிருந்து 48 ஆனது. இரவு என்பது நள்ளிரவிலிருந்து காலை ஐந்துவரை என்று இருந்தது ஆறுவரை நீண்டது. இரவுப் பணியில் ஆறு இறக்கங்கள்வரை அனுமதித்த விதி இரண்டாகக் குறைந்தது. அந்த ஆண்டு ஜூனில் நடைமுறைக்கு வர வேண்டிய இவை நிறுவனங்களின் எதிர்ப்பால் தள்ளிப்போயின. விமானிகள் சங்கங்கள் நீதிமன்றத்தை நாட, டில்லி உயர் நீதிமன்றத்தின் வழியாக 2025 ஜூலை 1, நவம்பர் 1 என்று இரண்டு கட்டங்களில் நடைமுறைக்கு வந்தன. இரண்டாம் கட்டம் வந்து ஒரு மாதத்தில் இண்டிகோ தடுமாறியது. டிசெம்பர் 3 முதல் 5 வரையான மூன்றே நாளில் 2,507 பறப்புகள் இரத்தாகின. மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்ட பயணிகள் நடுவழியில் நின்றார்கள். டிஜிசிஏ பின்வாங்கியது: வாராந்த ஓய்வுக்குப் பதிலாக விடுப்பைக் கணக்குக் காட்டக்கூடாது என்ற தடையை நீக்கியது; இரவு விதிகளில் இண்டிகோவுக்கு 2026 பெப்ரவரி 10 வரை விலக்குக் கொடுத்தது. அடுத்த ஜனவரியில் 22.20 கோடி இந்திய ரூபா அபராதம் விதித்தது. விசாரணைக் குழு கண்ட காரணங்களைக் கவனிக்க வேண்டும்: செயற்பாடுகளை அளவுக்கு மீறி இறுக்கியமை, புதிய விதிகளுக்குப் போதிய ஆயத்தம் இல்லாமை, மென்பொருள் ஆதரவில் குறைபாடு, முகாமைத்துவக் கட்டமைப்பில் குறை. ரொஸ்டர்கள் பணி நேரத்தை உச்சத்துக்கு இழுக்கும்படி வடிவமைக்கப்பட்டிருந்தன, தாங்கிக்கொள்ளும் இடைவெளி எஞ்சவில்லை என்று அது சொன்னது.

இதன் மறுபக்கத்தையும் இந்தியாவே காட்டியது. 2024 மார்ச்சில் பணிநேர விதிகளை மீறியதற்காக எயார் இந்தியாவுக்கு 80 இலட்சம் ரூபா அபராதம் விழுந்தது. வாராந்த ஓய்வும், மிக நீண்ட பறப்புகளுக்கு முன்னும் பின்னும் தர வேண்டிய ஓய்வும் குறைந்திருந்ததோடு, பயிற்சிப் பதிவுகள் தவறாகக் குறிக்கப்பட்டிருந்ததும் தணிக்கையில் வெளிப்பட்டது. அதே நிறுவனம் தன் பழைய ரொஸ்டர் மென்பொருளிலிருந்து புதியதற்கு மாறியது. மாறிய பிறகு நடந்த பரிசீலனையில், விமானிகளின் உரிமம், ஓய்வு, அண்மைக்காலப் பறப்பு அனுபவம் ஆகியவற்றில் முன்பே நடந்த மீறல்கள் வெளியே வந்தன. நிறுவனமே அவற்றைத் தெரிவித்தது. 2025 ஜூனில் ரொஸ்டர் பிரிவின் மூன்று அதிகாரிகளை அந்தப் பொறுப்பிலிருந்து நீக்கும்படி டிஜிசிஏ உத்தரவிட்டது. பழைய மென்பொருள் இருந்த காலத்திலும் அந்த எண்கள் அங்கேதான் இருந்தன. அவற்றைக் குறுக்காக ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய தேவை யாருக்கும் ஏற்படவில்லை. தற்செயலான ஒரு மாற்றத்தால் வெளிப்படும் மீறல், திட்டமிட்ட ஒப்பீட்டால் முதல் வாரத்திலேயே வெளிப்பட்டிருக்கும்.

எதிர்வாதங்களுக்குப் பதில்

முதல் எதிர்வாதம் பணத்திலிருந்து வருகிறது. ஓய்வு கூடினால் விமானிகள் கூட வேண்டும், கட்டணம் ஏறும், இலாபம் குறைந்த பாதைகள் வெட்டப்படும். அப்படி வெட்டு விழுந்தால் முதலில் அடிபடுவது பலாலி போன்ற சிறு நிலையங்கள்தான் என்பது நியாயமான பயம். நாளுக்கு ஓரிரு விமானம் வரும் இடத்தில் ஒன்று நின்றாலும் பாதிச் சேவை போய்விடும். ஆனால் டிசெம்பர் நெருக்கடியை விதியின் விலை என்று எழுதினால் கணக்குத் தவறும். விதி அறிவிக்கப்பட்டதற்கும் முழுமையாக நடைமுறைக்கு வந்ததற்கும் இடையில் ஏறக்குறைய 22 மாதங்கள் இருந்தன. அதே விதிக்குக் கீழே பறந்த மற்ற இந்திய நிறுவனங்கள் அந்த அளவில் சரியவில்லை. இடைவெளியே இல்லாமல் இறுக்கிக் கட்டிய ரொஸ்டர் ஒரு விதி மாற்றத்தில் மட்டுமல்ல, ஒரு வாரப் பனிமூட்டத்திலும் சரியக்கூடியது. போதிய ஓய்வுள்ள ரொஸ்டர் சிறு நிலையங்களுக்கு நிச்சயமான சேவையைத் தரும்; கடைசி நிமிடத்தில் இரத்தாகும் மலிவான பயணச்சீட்டால், சென்னையில் வைத்தியசாலை நேரம் எடுத்துவைத்திருக்கும் நோயாளிக்கு என்ன பயன்? பணத்தை முன்வைத்துத் தரும் விலக்குகள் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு அமெரிக்காவைப் பார்க்கலாம். 2014 இல் நடைமுறைக்கு வந்த அங்குள்ள புதிய ஓய்வு விதி, செலவைக் காரணம் காட்டிச் சரக்கு விமானிகளை வெளியே விட்டுவிட்டது. பின்னால் இருப்பது பொதியா மனிதரா என்று பார்த்து உடல் களைப்பதில்லை.

இரண்டாவது எதிர்வாதம் இன்னும் கூர்மையானது: கடுமையான எல்லையே அவசரத்தை உண்டாக்கும். இதற்கு வரலாற்றின் மிகப் பெரிய விமான விபத்தே ஆதாரமாகக் காட்டப்படுகிறது. 1977 மார்ச் 27 அன்று தெனரீபில் பனிமூட்டத்துக்குள் இரண்டு ஜம்போ விமானங்கள் மோதி 583 பேர் இறந்தார்கள். அனுமதி கிடைக்காமலே புறப்பட ஓடிய கே.எல்.எம். விமானத்தின் குழு, தங்கள் பணி நேர எல்லை முடியப்போகிறதே என்ற கவலையில் இருந்தது. ஸ்பானிய விசாரணை அறிக்கை இங்கே ஒரு விடயத்தைச் சொல்கிறது. அது பொதுவாக மறக்கப்படுகிறது. எல்லையை நீட்டிக்கும் விருப்புரிமை தலைமை விமானியிடமிருந்து அண்மையில்தான் எடுக்கப்பட்டிருந்தது. மீறினால் வழக்கு வரும். அதோடு, முன்பு எளிதாக இருந்த கணக்கு மிகச் சிக்கலாகி, விமானி அறையில் உட்கார்ந்து போட முடியாததாகிவிட்டது. ஆகவே நிறுவனத்தைத் தொடர்பு கொண்டு கேட்க வேண்டியிருந்தது. தண்டனை கடுமையாகவும் கணக்குத் தெளிவில்லாமலும் இருந்த இடத்தில் அவசரம் பிறந்தது. இதிலிருந்து எல்லை வேண்டாம் என்ற முடிவு வராது. எல்லை எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பது விமானிக்கு எந்த நிமிடமும் தெரிய வேண்டும், அதை அடைவதற்கு வெகு முன்பே மாற்று விமானி ஏற்பாடாக வேண்டும், காரணத்தோடு எல்லையைச் சற்றுத் தாண்டியவர் அதைப் பதிவு செய்துவிட்டு அச்சமின்றி வீடு போக வேண்டும் என்ற முடிவுகளே வரும். 1977 இல் அம்ஸ்டர்டாமைக் கேட்க வேண்டியிருந்த கணக்கை இன்று விமானியின் கையில் இருக்கும் ரப்லெட் ஒரு நொடியில் போடுகிறது. மென்பொருளின் உண்மையான கொடை இதுதான்.

மூன்றாவது எதிர்வாதத்தோடு நான் பாதி ஒத்துப்போகிறேன். மணித்தியாலத்தை எண்ணலாம், உறக்கத்தை எண்ண முடியாது என்கிறார்கள். 2024 ஜனவரி 25 அன்று இந்தோனேசியாவின் பாத்திக் எயார் விமானம் கெண்டாரியிலிருந்து ஜகார்த்தாவுக்கு 153 பயணிகளோடு பறந்தபோது, இரண்டு விமானிகளும் ஒரே வேளையில் சுமார் 28 நிமிடம் உறங்கிவிட்டார்கள். விமானம் பாதையை விட்டு விலகியது. தரையிலிருந்து வந்த அழைப்புகளுக்குப் பதில் இல்லை. துணை விமானியின் வீட்டில் ஒரு மாதமே ஆன இரட்டைக் குழந்தைகள் இருந்தன. வீடும் அப்போதுதான் மாறியிருந்தார். அவருடைய ஓய்வு நேரம் காகிதத்தில் இருந்தது, கட்டிலில் இல்லை. எந்த ரொஸ்டர் மென்பொருளும் குழந்தை அழுவதைக் கேட்காது. ஆனால் இதைச் சொல்லி எண்ணுவதையே கைவிடச் சொன்னால், வெப்பமானி நோயைச் சொல்லாது என்று அதை எறிவதற்கு ஒப்பாகும். நேரக் கணக்கு தளம். அதன் மேல் இன்னொன்று கட்டப்பட வேண்டும். 'இன்று என்னால் முடியாது' என்று விமானி சொல்லும்போது, அவருடைய சம்பளமோ பதவி உயர்வோ குறையாத உத்தரவாதமே அது. இந்தியாவின் புதிய விதிகளோடு டிஜிசிஏ நிறுவனங்களிடம் காலாண்டுக் களைப்பு அறிக்கைகளைக் கேட்டிருப்பது அந்தத் திசையில் ஓர் அடி. எத்தனை பேர் களைப்பை அறிவித்தார்கள், அதில் எத்தனை ஏற்கப்பட்டன, ஏற்கப்படாதவை ஏன் என்பதை அந்த அறிக்கை சொல்லாவிட்டால் அது வெறும் தாள்.

இன்னும் ஒரு தயக்கம் விமானிகளின் பக்கத்திலிருந்தே வருகிறது: கணக்குக் கேட்கத் தொடங்கினால் கைக்கடிகாரத்தில் உறக்கத்தை அளந்து நிறுவனத்துக்கு அனுப்பச் சொல்வார்கள். இந்தக் கோட்டைத் தெளிவாகப் போடலாம். எத்தனை மணிக்கு வேலைக்கு வந்தார், எத்தனை முறை இறங்கினார், எப்போது விடுவிக்கப்பட்டார் என்பவை வேலையின் உண்மைகள். அவற்றைப் பகிர்வதில் அந்தரங்கம் கெடுவதில்லை. உடலின் அளவீடுகள் விமானிக்கும் மருத்துவருக்கும் இடையிலானவை. முதலாவதை முழுதாகத் திறந்து வைத்தால் இரண்டாவதைக் கேட்க வேண்டிய தேவையே குறையும்.

பலாலியிலிருந்து தொடங்கக்கூடியது

வேண்டிய மாற்றம் தொழில்நுட்பத்தில் பெரிதாக ஒன்றும் இல்லை. ஒவ்வொரு பறப்புக்கும் ஏற்கெனவே மூன்று பதிவுகள் உருவாகின்றன: விமானமே அனுப்பும் நான்கு நேரங்கள், நிறுவனத்தின் ரொஸ்டர், விமானி கையொப்பமிடும் லொக்புக். இந்தியாவில் ஒழுங்குமுறை ஆணையத்தின் இணையத்தளத்திலேயே விமானிகளுக்கு மின் லொக்புக் இருக்கிறது. இந்த மூன்றும் தாமாக ஒப்பிடப்பட்டு, வேறுபாடு இருந்தால் அது நிறுவனத்தின் மேசையில் நிற்காமல் நேராக ஆணையத்துக்குப் போக வேண்டும். ரொஸ்டரில் பின்னர் செய்யப்படும் ஒவ்வொரு திருத்தமும், யார், எப்போது, ஏன் என்ற விவரத்தோடு அழியாமல் நிற்க வேண்டும். விபத்துக்குப் பிறகு திறக்கும் கறுப்புப் பெட்டியை நிறுவனம் தன்னிச்சையாகத் திருத்த முடியாது. விபத்துக்கு முந்தைய பதிவான பணிநேரக் கணக்குக்கு மட்டும் ஏன் அந்த மரியாதை இல்லை?

இலங்கைக்கு இதில் சொந்தமான ஒரு பிடி இருக்கிறது. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் ஆறாவது இணைப்பு, தன் நாட்டுக்குள் வந்து போகும் வெளிநாட்டு நிறுவனங்களின் செயற்பாட்டைக் கண்காணிக்கும் ஏற்பாட்டை ஒவ்வொரு நாடும் வைத்திருக்கக் கேட்கிறது. இந்திய விதியை நாம் எழுத முடியாது. ஆனால் அந்த விதி பலாலிக்கு வரும் பறப்பில் பின்பற்றப்படுகிறதா என்று பார்க்கலாம். விமான நிலையத் தரிப்பிடச் சோதனைகளில் உரிமத்தையும் மருத்துவச் சான்றையும் பார்ப்பதோடு, அன்றைய விமானிகளின் கடைசி ஏழு நாள் பணிநேரச் சுருக்கத்தையும் கேட்டு, அந்த நிறுவனம் டில்லிக்குக் கொடுத்த கணக்கோடு ஒப்பிடலாம். இரு நாட்டு ஆணையங்களுக்கும் இடையே இதற்கு ஓர் உடன்பாடு போதும். பல நாடுகளின் நேர வலயங்களும் பல நிறுவனங்களும் குழம்பும் கட்டுநாயக்கவில் இதைத் தொடங்குவது கடினம். பாதைகள் விரல் விட்டு எண்ணக்கூடியவையாகவும் இரு கரையிலும் ஒரே நேரமாகவும் இருக்கும் பலாலி, ஒரு முன்னோடித் திட்டத்துக்கு ஏற்ற அளவு. அதே அளவுகோல் நம் சொந்த நிறுவனமான ஸ்ரீலங்கனுக்கும் பொருந்த வேண்டும். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு விமானிகள் பலர் வெளிநாட்டு நிறுவனங்களுக்குப் போனார்கள். ஆள் குறைந்த இடத்தில் எஞ்சியவர்களின் ரொஸ்டர் எல்லையை நோக்கி நகரும் என்பதற்கு இண்டிகோ உதாரணம் போதும்.

பயணிகளுக்கும் ஒரு பங்கு இருக்கிறது. அமெரிக்காவின் ஓய்வு விதியை மாற்றியது விமானிகள் சங்கம் மட்டும் அல்ல. 2009 பெப்ரவரி 12 இல் பஃபலோவுக்கு அருகே விழுந்த குறுந்தூர விசிறி விமானத்தால் 50 உயிர்கள் போயின. அதன் துணை விமானி முந்திய இரவில் நாட்டின் ஒரு கரையிலிருந்து மறு கரைக்குப் பயணம் செய்து வேலைக்கு வந்திருந்தார். இறந்தவர்களின் குடும்பங்கள் ஆண்டுக் கணக்கில் வாஷிங்டனில் நின்று கேட்ட கேள்வியிலிருந்துதான், பணிக்கு முன் பத்து மணித்தியால ஓய்வும் அதற்குள் எட்டு மணித்தியால உறக்கத்துக்கான வாய்ப்பும் சட்டமாகின. யாழ்ப்பாணத்திலிருந்து ரொரன்ரோ, இலண்டன், பாரிஸ்வரை சிதறியிருக்கும் ஒரு சமூகம், உலகில் தன் எண்ணிக்கைக்கு மிஞ்சி வானத்தில் பறக்கும் சமூகம். நிறுவனங்கள் நம்மிடம் பொதியின் எடையைக் கிலோக் கணக்கில் கேட்கின்றன. அவற்றிடமும் அவற்றை மேற்பார்க்கும் ஆணையங்களிடமும் நாம் கேட்க வேண்டியது ஒரு காலாண்டு அட்டவணை: எல்லை தாண்டிய பணிகள் எத்தனை, அறிவிக்கப்பட்ட களைப்பு எத்தனை, பின்னர் திருத்தப்பட்ட ரொஸ்டர்கள் எத்தனை. மூன்று எண்களும் மென்பொருளில் ஏற்கெனவே இருக்கின்றன. வெளியிடச் செலவு இல்லை; வெளியிடாமல் இருப்பதற்குத்தான் காரணம் சொல்ல வேண்டும். அந்தக் காரணத்தைக் கேட்கும் கடமை, பலாலியில் இறங்க அனுமதி கொடுக்கும் இலங்கை அதிகார சபைக்கே முதலில் உண்டு.